அயலவராய் வந்தவர்

மருமகனுக்கு நம் மொழியில் எத்தனையோ மதிப்பு உண்டு. வாயிலில் நின்று வரவேற்பதும், தலைவாழை இலை விரித்து விருந்து படைப்பதும் அம்மதிப்பின் அடையாளங்கள். ஆயினும் மனைவியின் இல்லத்திலேயே தங்கிவிட்டவரை ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று குறிக்கும்பொழுது, அம்மதிப்போடு மெல்லிய நகைப்பொன்றும் கலந்துவிடுகிறது. அவ்வீடு ஓர் அரண்மனையாக இருந்துவிட்டால்? அந்நாடு, மருமகனின் தாய்நாட்டுப் படைகளால் ஐந்தாண்டுக் காலம் மிதிபட்ட நாடாகவும் இருந்துவிட்டால்?

இவ்வினாக்களுக்கு விடையாக வாழ்ந்தவர் ஒருவர். நெதர்லாந்து அரசி பெயாட்ரிக்ஸ் அம்மையாரின் கணவர், இளவரசர் கிளவுஸ். பட்டமேற்ற நாள்தொட்டுப் புகழ்மாலை சூடியவர்களின் வரலாறுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். மாலைக்குப் பதிலாகப் புகைக்குண்டுகளோடு வரவேற்கப்பட்ட ஒருவரின் வரலாறு இது.

பெயரில் மட்டும் எஞ்சிய பெருமை

1926ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6ஆம் நாள், வட ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் உள்ள ஹிட்ஸாக்கர் என்னும் சிற்றூரை அடுத்த மாளிகையொன்றில் கிளவுஸ் பிறந்தார். அது அவருடைய தாய்வழி உறவினரின் மாளிகை. குடும்பப் பெயர் ஃபான் ஆம்ஸ்பெர்க். உடன்பிறந்தோர் அறுவரும் சகோதரிகளே; அவர் ஒருவரே ஆண்மகவு.

‘ஃபான்’ என்ற சிறுசொல் ஜெர்மானியரிடையே உயர்குடிப் பிறப்பைக் காட்டுவது. ஆனால் அவர் பிறப்பதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1919ஆம் ஆண்டின் வைமர் அரசமைப்பு உயர்குடியினரின் சலுகைகள் அனைத்தையும் நீக்கிவிட்டது. பட்டங்கள் வெறும் பெயரின் பகுதிகளாயின. அதற்கு முன்பும் ஆம்ஸ்பெர்க் குடும்பம் ஆளுகைக்குரிய நிலமோ கோமகன் பட்டமோ கொண்டதன்று. உயர்குடியின் கீழ்ப்படியில் நின்ற குடும்பம் அது. ஆகவே கிளவுசுக்குப் பிறப்பால் வாய்த்த உயர்வு அச்சிறுசொல்லில் அடங்கிவிட்டது எனலாம். அரச குடும்பங்கள் அரச குடும்பங்களிலேயே பெண்ணெடுத்துப் பெண்கொடுத்த பழைய காலத்தில் அவரை எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

தந்தையார் பிழைப்புத் தேடி ஆப்பிரிக்கா சென்றார். முன்னாள் ஜெர்மானியக் குடியேற்ற நாடும், முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேயரின் ஆளுகைக்கு மாறியதுமான டாங்கனிக்காவில், நார் எடுக்கும் கற்றாழைத் தோட்டமொன்றின் மேலாளராக அவர் பணிபுரிந்தார். கிளவுஸ் 1928ஆம் ஆண்டில், இரண்டு வயதுக் குழந்தையாக அங்கு சென்றார். அவர் கண்விழித்து உலகைப் பார்த்தது ஆப்பிரிக்க மண்ணில்தான். அங்குள்ள லுஷோட்டோ மலையூரின் பள்ளியிலும் அவர் பயின்றார். பின்னாளில் அவர் எதைச் செய்தாலும், எதைப் பேசினாலும், அந்த முதல் மண்ணின் மணம் அதில் வீசியது. பிள்ளைப் பருவம் எங்கே கழிகிறதோ அங்கேயே மனிதனின் பாதி உயிர் தங்கிவிடுகிறது என்பதைக் கவிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினெட்டு வயதுச் சீருடை

பள்ளிப் படிப்பைத் தொடர ஜெர்மனிக்குத் திரும்பியபொழுது, அந்நாடு இட்லரின் பிடியில் இருந்தது. அக்காலச் சிறுவர்கள் அனைவரையும் போலவே அவரும் இட்லர் இளைஞர் அணியில் சேர்க்கப்பட்டார். 1944ஆம் ஆண்டு படைக்கு அழைக்கப்பட்டார். 1945 மார்ச்சில் கவசப் படைப்பிரிவொன்றின் வீரராக இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களில் போர் முடிந்தது. அமெரிக்கரிடம் போர்க்கைதியானார். அப்பொழுது அவருக்குப் பதினெட்டு வயது.

போருக்குப் பின் லூனபர்க் நகரில் பள்ளிக் கல்வியை நிறைவு செய்து, ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். மேற்கு ஜெர்மனியின் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். டொமினிக்கன் குடியரசின் தலைநகர் சாண்டோ டொமிங்கோவிலும், மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிலும் தூதரகப் பணியாற்றினார். பிறகு பான் நகரத் தலைமையகத்தில் ஆப்பிரிக்க நாடுகளுக்கான பிரிவில் அமர்ந்தார். அமைதியான அலுவலர், நகைச்சுவை உணர்வு மிக்கவர், திருமணத்தைப் பற்றி எண்ணாதவர் என்ற அளவில் அவர் வாழ்வு முடிந்திருக்கலாம். ஊழ் வேறு வகையாக வகுத்திருந்தது.

ஒரு புகைப்படம்

1962ஆம் ஆண்டின் கடைசி இரவில், பாட் டிரிபுர்க் என்னும் ஜெர்மானிய ஊரில், இருவருக்கும் உறவினரான ஒரு கோமகன் அளித்த விருந்தில் கிளவுஸ், நெதர்லாந்தின் பட்டத்து இளவரசியை முதன்முதலாகச் சந்தித்தார். 1964இல் உறவினர் திருமணமொன்றை ஒட்டிய விழாவில் மீண்டும் கண்டார். நட்பு காதலாகக் கனிந்தது. 1965ஆம் ஆண்டு மே முதல் நாளன்று, டிராக்கன்ஸ்டைன் மாளிகைத் தோட்டத்தில் இருவரும் கைகோத்து உலவியதைப் புகைப்படக்காரர் ஒருவர் மறைந்திருந்து படமெடுத்துவிட்டார். ஆங்கிலேய நாளிதழொன்று அதை வெளியிட்டது. இளவரசியின் கையைப் பற்றிய இளைஞர் ஜெர்மானியர் என்பது தெரிந்ததும் நெதர்லாந்து அதிர்ந்தது.

அவ்வதிர்ச்சியை வெறும் குறுகிய இனப்பகை என்று நாம் தள்ளிவிடல் ஆகாது. 1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை அந்நாட்டுக்குள் புகுந்தது. ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதி குண்டுவீச்சில் சாம்பலாயிற்று. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களுள் 1,02,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். போரின் கடைசிக் குளிர்காலத்தில் உணவின்றி மடிந்தோர் ஏறக்குறைய 20,000 பேர். பஞ்சம் தாக்கிய நாள்களில் மக்களின் மிதிவண்டிகளைக்கூட ஜெர்மானிய வீரர்கள் பறித்துச் சென்றனர். இவையெல்லாம் நிகழ்ந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. மகனை இழந்த தாய்மார் உயிரோடிருந்தனர். தாயை இழந்த மகன்மார் நடுவயதை எட்டியிருந்தனர்.

1965 ஜூன் 28ஆம் நாள் திருமண உறுதி அறிவிக்கப்பட்டது. ‘கிளவுசே, வெளியேறு’ என்ற முழக்கம் சுவர்களில் எழுதப்பட்டது. ‘என் மிதிவண்டியைத் திருப்பிக் கொடு’ என்பது மற்றொரு முழக்கம். கேட்பதற்கு நகைப்பூட்டும் இத்தொடருக்குள் ஐந்தாண்டுக் காலத்து இழிவு முழுவதும் உறைந்து கிடந்தது. மாண்டவரைத் திருப்பிக் கேட்க இயலாதவன் மிதிவண்டியைக் கேட்டான்.

வரலாற்றறிஞரின் தீர்ப்பு

கிளவுசின் போர்க்காலத்தை ஆராயும் பொறுப்பு, போர் ஆவணங்களுக்கான அரசு நிறுவனத்தின் தலைவரான லூ டி யாங் அவர்களிடம் வந்தது. இவ்வாராய்ச்சியாளர் யார் என்பதை நாம் நின்று நினைக்க வேண்டும். அவர் யூதர். 1940இல் மனைவியோடு இலண்டனுக்குத் தப்பியவர். பின்தங்கிய பெற்றோரையும், தன்னோடு ஒரே கருவறையில் இருந்த இரட்டைச் சகோதரரையும் ஜெர்மானியரின் கொலைக்களங்களில் இழந்தவர். பழிதீர்க்கும் எண்ணம் எவருக்கேனும் இயல்பாய் எழுமெனில் அவருக்கே எழ வேண்டும். அவரோ ஆவணங்களைப் புரட்டினார், அவ்விளைஞர்மேல் சுமத்தத்தக்க போர்க்குற்றம் எதுவும் இல்லை என்று கண்டார், கண்டதைச் சொன்னார். வரலாற்றறிஞனின் அறம் இதுவே. தன் நெஞ்சு எரிந்துகொண்டிருக்கும்பொழுதும் தராசின் முள்ளைக் கையால் தொடாதிருப்பது பெரிது.

நெதர்லாந்தில் பட்டத்துக்குரியவர் நாடாளுமன்றத்தின் இசைவின்றி மணம்புரிந்தால் அரசுரிமையை இழப்பர். 1964இல் பெயாட்ரிக்சின் தங்கை ஐரீன் அவ்வாறே இசைவின்றி மணந்து உரிமையை இழந்திருந்தார். ஆகவே கிளவுசின் திருமணம் இரு அவைகளிலும் விவாதிக்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்தோரும் இருந்தனர்; எனினும் பெரும்பான்மையோர் இசைந்தனர். கிளவுஸ் டச்சுக் குடியுரிமை பெற்றார். டச்சு மொழியையும் முனைந்து கற்றார். ‘கே’ என்னும் ஜெர்மானிய எழுத்தால் தொடங்கிய தம் பெயரைச் ‘சி’ என்னும் எழுத்தால் தொடங்கும் டச்சு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார். ஓரெழுத்து மாற்றம்தான். ஆனால் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் குடிபெயர்வதன் முழுச் சுமையையும் அவ்வோரெழுத்து தாங்கியது.

புகை சூழ்ந்த மணநாள்

1966 மார்ச் 10ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரில் திருமணம். யூதர்களைப் பெருந்திரளாக இழந்த நகரம் அது. வேறு ஊரில் நடத்தியிருந்தால் எதிர்ப்புச் சற்றுத் தணிந்திருக்கும் என்று கருதியோர் பலர். நகரமன்ற உறுப்பினர் பலர் விழாவைப் புறக்கணித்தனர்.

நகர மண்டபத்தில் பதிவுத் திருமணமும், வெஸ்டர்கெர்க் தேவாலயத்தில் சமயச் சடங்கும் நிகழ்ந்தன. அத்தேவாலயத்துக்கு அருகில்தான் ஆன் ஃபிராங்க் என்னும் யூதச் சிறுமி இரண்டாண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்த வீடு உள்ளது. அத்தேவாலயத்து மணியோசையைப் பற்றித் தன் நாட்குறிப்பில் அவள் எழுதியிருக்கிறாள். பிடிபட்டுக் கொண்டுசெல்லப்பட்ட அவள் திரும்பவில்லை. அவள் கேட்ட மணியோசை ஒலிக்கும் தேவாலயத்தில், முன்னாள் ஜெர்மானியப் படைவீரர் ஒருவருக்குத் திருமணம். இதை எண்ணிப் பார்க்கும் எந்த நெஞ்சும் இருபக்கமும் இழுபடாதிருக்க முடியாது.

மணமக்கள் ஏறிச் சென்றது பொற்றேர் எனப்படும் தங்கமுலாம் பூசிய வண்டி. ‘ப்ரொவோ’ என்னும் இளைஞர் இயக்கத்தினர் அதன் வழியில் புகைக்குண்டுகளை எறிந்தனர். வெண்புகை தெருவை மூடியது. காவலர் தடியடி நடத்தினர். வீடுகளில் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருந்தோர், புகைக்குள் வண்டி மறைந்து வெளிப்படுவதைக் கண்டனர். தம் வாழ்வின் இனிய நாளில், தாம் வேண்டப்படாதவர் என்பதை ஒரு நாடே திரண்டு சொல்லக் கேட்ட மணமகன் அவர்.

அவர் அதற்கு மறுமொழி எதுவும் சொல்லவில்லை. எதிர்த்தவர்மேல் சினம் கொள்ளவுமில்லை. அவர்களின் வலியைப் புரிந்துகொண்டார். அவ்வமைதியே அவர் தம் புதிய நாட்டுக்கு அளித்த முதல் கொடை.

வென்றெடுத்த அன்பு

1967 ஏப்ரல் 27ஆம் நாள் முதல் மகன் வில்லெம் அலெக்சாந்தர் பிறந்தார். 1851க்குப் பின் நெதர்லாந்து அரசகுடும்பத்தின் பட்டத்து வழியில் பிறந்த முதல் ஆண்மகவு அவர். 1968இல் ஃபிரீசோவும், 1969இல் கான்ஸ்டன்டைனும் பிறந்தனர். மக்களின் மனம் மெல்ல இளகியது. குழந்தைகளின் வரவு மட்டும் அதற்குக் காரணமன்று. மிகைப்படப் பேசாத அவருடைய பணிவும், தம்மையே எள்ளி நகைக்கும் இயல்பும், வறிய நாடுகளின்பால் அவர் காட்டிய உண்மையான அக்கறையும் அவர்களைக் கவர்ந்தன. சில ஆண்டுகளுக்குள் அரசகுடும்பத்தில் மிகவும் விரும்பப்படுவோருள் ஒருவராக அவர் ஆகிவிட்டார்.

ஆயினும் அவருடைய உள்ளத்துள் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. நெதர்லாந்தின் அரசமைப்பில் அரசுத் தலைவர் சொல்வதற்கெல்லாம் அமைச்சர்களே பொறுப்பு. அரச குடும்பத்தார் பொதுச் செய்தியில் கருத்துக் கூறினால், அதற்கு நாடாளுமன்றத்தில் விடை சொல்ல வேண்டியவர் ஓர் அமைச்சர். ஆகவே அரசியின் கணவர் நாட்டின் கொள்கையைப் பற்றி வாய் திறக்க இயலாது. ஆப்பிரிக்காவை அறிந்தவர், தூதரகப் பயிற்சி பெற்றவர், சிந்திக்கத் தெரிந்தவர்; அவருக்கு விதிக்கப்பட்டதோ நாடா வெட்டுதலும் கைகுலுக்குதலும். வளர்ச்சி ஒத்துழைப்புத் துறையில் அவருக்கு ஆலோசகர் பொறுப்பும், 1984இல் தலைமை ஆய்வாளர் பொறுப்பும் அளிக்கப்பட்டன. அங்கும் அளந்தே பேச வேண்டியிருந்தது.

1980 ஏப்ரல் 30ஆம் நாள் பெயாட்ரிக்ஸ் அரசியானார். அன்றும் ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் கலவரம்; வீடில்லாத இளைஞர்கள், வீடு தராமல் முடிசூட்டா என்று முழங்கினர். இரண்டாண்டுகள் கழித்து, 1982இல், கிளவுஸ் கடுமையான மனச்சோர்வு நோய்க்கு ஆளாகி ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவம் பெற்றார். அரச குடும்பத்தார் ஒருவரின் மனநோயை மூடிமறைப்பதே அதுவரை உலக வழக்கம். நெதர்லாந்திலோ அச்செய்தி நாட்டு மக்களுக்கு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. தம் வீட்டிலும் அத்தகைய நோயாளியை வைத்துக்கொண்டு வெளியே சொல்ல வெட்கியிருந்த எத்தனை குடும்பங்களுக்கு அவ்வறிவிப்பு ஆறுதலாக இருந்திருக்கும்! பின்னர் நடுக்குவாத நோயும் அவரைப் பற்றியது. உடல் தளர்ந்தது, உள்ளம் தளரவில்லை.

கழற்றப்பட்ட கழுத்துப்பட்டை

1996 செப்டம்பர் 6ஆம் நாள், அவருடைய எழுபதாம் பிறந்தநாளில், டச்சு அரசு அவர் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவியது. ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் பண்பாட்டுப் பணியாளர்களையும் சிறப்பிப்பது அதன் நோக்கம். சோறும் சாலையும் மட்டும் வளர்ச்சி ஆகா, பண்பாடும் மனிதனின் அடிப்படைத் தேவை என்பது அவர் கொள்கை. இலக்கியத்தை ஏதோ ஓய்வுநேர விளையாட்டாகக் கருதுவோர் மிகுந்த இவ்வுலகில், கலையைச் சோற்றுக்கு நிகராக வைத்துப் பேசிய ஓர் இளவரசரை நம்போன்றோர் நன்றியோடு நினைக்க வேண்டும்.

1998 டிசம்பர் 9ஆம் நாள், ஆம்ஸ்டர்டாம் அரண்மனையில் அவ்வறக்கட்டளையின் விருது விழா. அவ்வாண்டு ஆப்பிரிக்க ஆடைக் கலைஞர்களுக்குச் சிறப்பு. அவர்கள் வடித்த எழில்மிகு ஆடைகள் அவையில் உலா வந்தன. உரையாற்ற எழுந்த கிளவுஸ், உலகத் தொழிலாளரை ஒன்றுபட அழைக்கும் பழைய முழக்கத்தைக் குறும்போடு எடுத்துக்கொண்டு, மேற்குலக ஆடவர் ஒவ்வொருவரின் கழுத்தையும் சுற்றியிருக்கும் பாம்பு என்று கழுத்துப்பட்டையைச் சாடினார். பிறகு தம் கழுத்துப்பட்டையை அவிழ்த்து அரசியின் காலடியில் எறிந்தார். அவை ஒரு கணம் திகைத்தது. பிறகு கைதட்டலில் அதிர்ந்தது. கழுத்துப்பட்டையின்றி வெளியே வந்த டச்சு ஆடவர் பலரை அடுத்த நாள்களில் காண முடிந்ததாம்.

வாய் திறக்கக் கூடாது என்று முப்பதாண்டுகளுக்கு மேல் கட்டுண்டிருந்த ஒருவர், கழுத்தைச் சுற்றிய ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் கழற்றி எறிந்தார். இதற்கு மேலும் உரை எழுத வேண்டுமோ?

தராசின் இரு தட்டுகள்

2002 பிப்ரவரி 2ஆம் நாள், மூத்த மகன் வில்லெம் அலெக்சாந்தர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த மாக்சிமாவை மணந்தார். மணமகளின் தந்தை, அர்ஜென்டினாவின் கொடிய இராணுவ ஆட்சியில் வேளாண் அமைச்சராய் இருந்தவர். நாட்டில் மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. தந்தையார் மணவிழாவுக்கு வராமல் ஒதுங்கினார். தந்தையின் வினைக்கு மகள் பொறுப்பாவாளா என்று ஒரு நாடு மீண்டும் தன்னையே கேட்டுக்கொண்டபொழுது, அக்கேள்விக்கு முன்பே உடலால் விடையளித்திருந்த முதியவர், நோயுற்ற நிலையிலும் அவ்விழாவில் அமர்ந்திருந்தார்.

இன்னொன்றையும் இங்கே ஒப்பிட வேண்டும். கிளவுசின் மாமனார் பெர்னார்டு இளவரசரும் ஜெர்மானியரே. 1937இல் ஜூலியானா அரசியை மணந்தவர். போரின்போது இலண்டனிலிருந்து டச்சுப் படைகளை வழிநடத்திய வீரராக நாடு அவரைக் கொண்டாடியது. 1976இல் விமான நிறுவனமொன்றிடம் பணம் பெற்ற குற்றச்சாட்டில் அவருடைய புகழ் சரிந்தது. நாஜிக் கட்சியில் தாம் ஒருநாளும் உறுப்பினராய் இருந்ததில்லை என்று 2004இல் இறக்கும்வரை மறுத்தார். அவருடைய உறுப்பினர் அட்டையின் மூலப்படி அவர் விட்டுச்சென்ற ஆவணங்களுக்கிடையே இருந்தது என்ற செய்தி 2023இல் வெளியாயிற்று. மாலைசூட்டி வரவேற்கப்பட்டவர் மறைத்தார். புகையெழுப்பி எதிர்க்கப்பட்டவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை. கூட்டத்தின் தீர்ப்பும் காலத்தின் தீர்ப்பும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அதற்காக அன்று புகைக்குண்டு எறிந்த இளைஞர்களை நான் பழிக்கவில்லை. இறந்தோரை மறவாதிருப்பது உயிரோடிருப்போரின் கடன். அக்கடனை அவர்கள் செலுத்தினார்கள். தாம் செய்யாத வினையின் நிழலையும் முணுமுணுக்காமல் சுமப்பது வேறொரு கடன். அதைக் கிளவுஸ் செலுத்தினார். இரு கடன்களும் செலுத்தப்பட்டதால்தான் அந்நாட்டில் காயம் ஆறியது. ஒன்று மட்டும் செலுத்தப்பட்டிருந்தால் பகையோ மறதியோ எஞ்சியிருக்கும்.

உறங்கும் இடம்

2002 அக்டோபர் 6ஆம் நாள், எழுபத்தாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனையொன்றில் அவர் காலமானார். எந்நகரம் அவரை வெளியேறச் சொன்னதோ அதே நகரில் உயிர் பிரிந்தது. அக்டோபர் 15ஆம் நாள் டெல்ஃப்ட் நகரின் புதிய தேவாலயத்தில், ஆரஞ்சு அரசமரபினரின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ஊர்வலத்தைக் காண மக்கள் வழிநெடுகத் திரண்டு நின்றனர். 2013இல் அவருடைய மூத்த மகன் அரசரானார்.

அக்கல்லறையில் முதலிடம் பெற்று உறங்குபவர், டச்சு நாட்டின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம். ஸ்பானியரின் ஆட்சியை எதிர்த்து, 1584இல் அதே டெல்ஃப்ட் நகரில் கொலையுண்டவர். அவர் பெயரால் அமைந்ததே அந்நாட்டின் தேசியப் பண். பதினைந்து பாடல்கள் கொண்ட அப்பண்ணில் ஒவ்வொரு பாடலின் முதலெழுத்தையும் கோத்துப் பார்த்தால் அவருடைய பெயர் வெளிப்படும். எழுத்தணி அறிந்த நம் புலவர்கள் இதைச் சுவைப்பர். அவ்வில்லியம் 1533இல் பிறந்த ஊர் எது? டில்லன்பர்க். அது இருப்பது ஜெர்மனியில்.

தன் தேசியப் பண்ணின் நாயகனையே அயல்மண்ணிலிருந்து பெற்ற நாடு, நானூறு ஆண்டுகள் கழித்து வந்த மற்றோர் அயலவரைக் கண்டு அஞ்சியது. அஞ்சுவதற்குக் காரணமும் இருந்தது. இன்று இருவரும் ஒரே கூரையின்கீழ் உறங்குகின்றனர். அங்கு செல்வோர் இருவரில் எவரையும் ‘எவ்வூர்?’ என்று கேட்பதில்லை.